டிராகன் ஏறும் நாயகிக்கு ஊன்றுகோல் இருந்தால் எப்படி எழுதுவது?
டிராகன் மேல் பறக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்தான் உங்கள் நாயகியா? சரி, முதலில் அவள் அதன்மேல் எப்படி ஏறுகிறாள் என்று எழுதிப் பாருங்கள்.

நான் ஊன்றுகோலோடு நடப்பவள். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈரமணலில் கோல் ஓரளவு நிற்கும், காய்ந்த மணலில் நுனி ரப்பர் புதைந்துபோய் ஒவ்வொரு அடிக்கும் தோளால் பிடுங்கி எடுக்க வேண்டும், வீடு திரும்பினால் காலைவிட உள்ளங்கைதான் அதிகம் எரியும். இந்த மாதிரி விவரம்தான் டிராகனையும் நம்ப வைக்கும்.

அப்புறம் சேணம். குதிரையேற்றத்தில் காலால் அழுத்திச் சொல்வதை, காலில் பலமில்லாதவர்கள் கையிலுள்ள குச்சியால் விலாவைத் தொட்டுச் சொல்வார்கள். 1996 முதல் எல்லாக் கோடைக்காலப் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் உண்டு, அந்த வீடியோக்களைப் பாருங்கள். உங்கள் டிராகனும் அப்படிப் பழகட்டும். இடுப்புப் பட்டையை யார் மாட்டுவது, இறங்கியதும் கோல் கைக்கு எட்டுமா? சேணத்திலேயே அதற்கு ஓர் உறை தைத்து வையுங்கள்.

தயவுசெய்து கடைசி அத்தியாயத்தில் மந்திரம் போட்டுக் காலைச் சரிசெய்துவிடாதீர்கள், அந்தக் காலோடுதானே இத்தனை பக்கம் பறந்தாள். அவள் காதலிக்கட்டும், தப்பு செய்யட்டும், கேட்காமல் தூக்கிவிட வருபவனைத் திட்டட்டும்.