தோல் இருக்கைக்கு நுரை மட்டும் போதும்

செம்பனைத் தோட்டச் சாலையின் செம்மண் தூசி படிந்த கார் தோல் இருக்கையைத் துடைக்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் நான்கைந்து சொட்டு குழந்தை ஷாம்பூவை விட்டு அடித்து, மேலெழும் நுரையை மட்டும் மென்மையான பிரஷில் அள்ளித் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பெரும்பாலான கார் இருக்கைகளில் தோலின்மேல் மெல்லிய பூச்சு இருப்பதால், அழுக்கு மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. அதை எடுக்க நுரையே போதும். தண்ணீரை ஊற்றினாலோ, அது தையல் வழியே பஞ்சுக்குள் இறங்கி, சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களின் ஈரக்காற்றில் காயாமல் நின்று, இருக்கையில் பூஞ்சணம் பிடிக்கும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது வேண்டாத வேலை. பிசுபிசுப்பில் மறுநாளே தூசி ஒட்டிக்கொள்ளும். வெல்வெட் போன்ற ஸ்வேட் தோலுக்கும், பூச்சு வெடித்துவிட்ட பழைய இருக்கைக்கும் இம்முறை பொருந்தாது.