பீன்யாவுக்கு சிஎன்சி வேலை தேடி வரும் தம்பிகளுக்கு

தர்மபுரி, திருப்பத்தூர் பக்கமிருந்து ஐடிஐ முடித்த பையன்கள் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக்கு, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) வேலை தேடிக் கிளம்பும் முன் எனக்கு போன் போட்டு முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் பீன்யாவில் வாய்வழியாகச் சொல்லும் சம்பளம் பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கானது. ஒரு பேச்சுக்கு, ஒரு ஷாப்பில் (பட்டறையில்) பன்னிரண்டு மணி நேரத்துக்கு 24,000 தருகிறார்கள், பக்கத்து ஷாப்பில் எட்டு மணி நேரத்துக்கு 20,000. மாதம் 26 நாள் என்று கணக்குப் போட்டால் முதல் இடத்தில் மணிக்கு 77 ரூபாய்கூட முழுசாக வராது, இரண்டாவது இடத்தில் 96 வருகிறது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். அதனால் கேட்டில் நின்று பேசும்போதே, "எத்தனை மணி நேரத்துக்கு சார் இந்தச் சம்பளம்? ஓவர்டைம் சிங்கிளா, டபுளா?" என்று கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பச்சை வழித்தட மெட்ரோ பிடித்து பீன்யா அல்லது பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து நடைதான். டிவிஎஸ் கிராஸைச் சுற்றியுள்ள தெருக்களில் ஷாப் வாசலில் அட்டை தொங்கும். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டாலும் சிஎன்சி, விஎம்சி (அதில் ஒரு வகை மெஷின்) என்பதை ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். மாதத்தின் பத்தாம் தேதிக்கு மேல் வாருங்கள். சம்பளம் வாங்கியதும் சிலர் நின்றுவிடுவார்கள், அப்போதுதான் அட்டைகள் முளைக்கும். காலை பத்து மணி வாக்கில் போனால், ஷிஃப்ட் ஓட ஆரம்பித்து சூப்பர்வைசர் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். தங்குவதற்கு லக்கெரெ, ஹெக்கனஹள்ளி, ராஜகோபால்நகர் பக்கம் பாருங்கள். நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ரூமில் பங்கு கிடைக்கும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம் கேட்பவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், ஆனால் யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. ஜெராக்ஸ் போதும்.

அப்புறம் ட்ரையல். வெர்னியரும் (அளவுக் கருவி) ஒரு பீஸும் ட்ராயிங்கும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். அவர்கள் உங்களைப் பார்க்கிற அதே நேரத்தில் நீங்களும் ஷாப்பைப் பாருங்கள். மெஷின் பக்கத்தில் ட்ராயிங் தொங்குகிறதா? கேஜ்களில் (அளவுக் கருவிகளில்) காலிப்ரேஷன் ஸ்டிக்கர், அதாவது அளவு சரிபார்த்த சீட்டு, ஒட்டியிருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா? கதவு திறந்திருக்கும்போதே சக் (பீஸைப் பிடித்துச் சுற்றும் பகுதி) சுற்றுகிறதா? சுற்றினால், கதவு திறந்தால் மெஷினை ஓட விடாத இன்டர்லாக்கைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடம் வேண்டாம்.

நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்லும் இன்னொரு கேள்வி, "செட்டிங் யார் பண்ணுவாங்க சார்?" என்பது. செட்டிங் என்றால் புது ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்வது. ஒரே பீஸை மாட்டி, பச்சை பட்டனைத் தட்டி, கழற்றி வைக்கும் ஷாப்பில் மூன்று வருடம் இருந்தாலும் நீங்கள் ஆபரேட்டர்தான். சின்ன ஜாப் ஷாப்பில் வாரம் நாலு விதமான ஜாப் வரும், ஜா (சக்கின் பிடிகள்) மாற்றவும் டூல் ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்த எண்) எடுக்கவும் விடுவார்கள். ஆரம்பத்தில் ஆயிரம், இரண்டாயிரம் குறைந்தாலும் செட்டர் ஆகிற வழி அதுதான். ராஜாஜிநகரில் இருக்கும் அரசு டூல் ரூம் பயிற்சி மையமான ஜிடிடிசியில் ப்ரோகிராமிங் படிக்கலாம். செட்டிங் கைவந்த பின் அங்கே போனால் பாடம் சட்டென்று ஏறும்.

சேரும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கேளுங்கள். பிஎஃப்புக்கு (வருங்கால வைப்பு நிதி) யுஏஎன் என்ற 12 இலக்கக் கணக்கு எண் வரும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதையே கொடுங்கள், புதிது போட விடாதீர்கள். சம்பளம் 21,000 வரை என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. முதல் மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்ததைக் கட்டினார்களா என்பதை அரசின் உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக் திறந்து பார்த்தால் தெரியும்.

இனி வேலைக்குள் வருவோம். தினமும் வரும் தலைவலி, அளவு தப்பிய பீஸைத் தள்ளிவிடும் ரிஜெக்‌ஷன். அதில் தப்பிக்க சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு நோட்டு போதும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தேதி, வந்த நேரம், போன நேரம், மெஷின் நம்பர், ஜாப் பெயர், ஃபர்ஸ்ட் பீஸ் அளவு, அதைப் பார்த்து கையெழுத்துப் போட்டவர், இன்சர்ட் (டூலின் வெட்டும் பல்) மூலை மாற்றிய நேரம், ஆஃப்செட் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. இவ்வளவுதான்.

ஆஃப்செட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மெஷினை இயக்கும் ஃபானுக் கன்ட்ரோலில் இன்புட் என்றும் பிளஸ் இன்புட் என்றும் இரண்டு கீ பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு ஷாஃப்டின் வெளி விட்டம் 0.020 மிமீ கூடுதலாக வருகிறது, வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) விட்டத்தைக் குறிக்கும் எக்ஸில் ஏற்கெனவே 0.120 இருக்கிறது என்று வையுங்கள். மைனஸ் 0.020 அடித்து பிளஸ் இன்புட் தட்டினால் 0.100 ஆகும், அளவு சரியாக வரும். வெறும் இன்புட் தட்டினால் பழைய 0.120 அழிந்து மைனஸ் 0.020 உட்கார்ந்துவிடும். விட்டம் 0.140 குறையும், பீஸ் ஸ்கிராப். முன்னால் இருந்த எண் நோட்டில் இருந்தால், ஸ்டார்ட் தட்டும் முன்பே திரையில் இருப்பது தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அளப்பதிலும் கவனம். 25 ஹெச்7 போர் (25 மிமீ துளை, ஹெச்7 என்பது எவ்வளவு விலகலாம் என்ற குறி) என்றால் 25.000-இலிருந்து 25.021 வரைதான் இடம். 0.02 காட்டும் வெர்னியரால் அதை முடிவு செய்ய முடியாது. துளை அளக்கும் போர் கேஜோ பிளக் கேஜோ கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் இல்லை என்று நோட்டில் எழுதுங்கள். சூடாக வெளியே வரும் பீஸை உடனே அளக்காதீர்கள். 100 மிமீ ஸ்டீல் பத்து டிகிரி சூடேறினால் சுமார் 0.012 மிமீ நீளும். அதைப் பார்த்து ஆஃப்செட் குறைத்தால், ஆறியதும் பீஸ் சின்னதாகிவிடும்.

ஷிஃப்ட் மாறும்போது உங்கள் கடைசி பீஸையும் அடுத்த ஆளின் முதல் பீஸையும் ஒரே பெட்டியில் கலக்க விடாதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு ஷாப்பில், புஷ்களில் (நடுவில் துளையுள்ள பீஸ்கள்) போர் பெரிசாகிவிட்டது என்று கியூசி (தரச் சோதனைப் பிரிவு) பெட்டியோடு திருப்பி அனுப்பியது. பழி நைட் ஷிஃப்ட் பையன் தலையில் விழுந்தது. அவன் சத்தம் போடவில்லை, நோட்டைத் திறந்து வைத்தான். 5.40-க்கு கடைசி பீஸ், நோ-கோ (துளை பெரிசானால் மட்டும் நுழையும் கேஜ் முனை) உள்ளே போகவில்லை, ஆஃப்செட் இவ்வளவு என்று எழுதியிருந்தது. காலை ஆறு மணிக்கு மேல் பகல் ஷிஃப்ட் ஆள் இன்சர்ட் மாற்றி, அளக்காமலே ஓட்டியது அப்புறம்தான் தெரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பையன் அவன், கன்னடமும் தமிழும் பேச வராது. அந்த நோட்டு இல்லாவிட்டால் அவனுக்காக யார் பேசியிருப்பார்கள்?

ரிஜெக்‌ஷனுக்குச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சேதம் உங்கள் கவனக்குறைவால்தான் வந்தது என்று காட்டி, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்க முடியும். மரியாதையாக, "சார், எழுத்தில் கொடுங்க, நானும் எழுதித் தர்றேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு அடங்கும். அடங்காமல் சம்பளமே நின்றுபோனால் பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவன் இருக்கிறது, தொழிலாளர் துறை அலுவலகம் அங்கேதான். அங்கேயும் நீங்கள் வந்த நேரம், போன நேரம் எழுதிய பக்கங்கள்தான் கை கொடுக்கும்.

சக் சுற்றும் இடத்தில் கையுறை போடாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடும். சுருள் சிப்ஸை (உலோகச் சீவல்) கையால் பிடுங்காதீர்கள், கொக்கி கேளுங்கள். கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) பட்டு விரலிடுக்கில் அரிப்பு வந்தால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கலவை விகிதத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அடிபட்டால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். "வெளியில் பார்த்துக்கலாம், செலவை நாங்க தர்றோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். வேலையில் காயப்பட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இஎஸ்ஐ தரும், அதுவும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. பீன்யாவிலும் ராஜாஜிநகரிலும் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது.

கன்னடம் பேசப் பழகுங்கள். "ஸ்வல்ப நிதானவாகி ஹேளி சார்" (கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்க சார்) என்று கேட்டால் கோபக்கார சூப்பர்வைசர்கூட ஒரு நிமிடம் நின்று சொல்லித் தருவார்.

ஷாப் மாறுவதாக இருந்தால் ஆயுத பூஜை, தீபாவளி போனஸ் கணக்கு முடியட்டும். ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். ரூம் அட்வான்ஸுக்கு என்று பிஎஃப் பணத்தை முழுசாக எடுக்காதீர்கள். அதே யுஏஎன்-இல் புது கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் சர்வீஸ் தொடரும், பத்து வருடம் சேர்ந்தால்தான் பென்ஷனுக்குத் தகுதி வரும். பழைய கம்பெனி கடைசி வேலை நாளை போர்ட்டலில் ஏற்றியிருக்கிறதா என்று அந்த மாதமே பாருங்கள், இல்லாவிட்டால் மாற்றும்போது அங்கேதான் சிக்கும்.