காலடியில் இருக்கும் பேட்டரி: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பழைய கார் ஒன்று கைக்கு வந்தால் முதலில் பெயின்டைப் பார்ப்போம். அப்புறம் எஞ்சின், டயர், சீட் துணி. பேட்டரி பக்கம் யாரும் போவதில்லை, கண்ணில் பட்டால்தானே போவதற்கு! 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் அது முன்பக்கத் தரைப் பலகைக்கு அடியில், சேசிஸில் (காரின் இரும்பு அடிக்கூட்டில்) மாட்டிய ஒரு இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே மிதியடி, அதற்கும் மேலே உங்கள் கால். கீழே நேராக ரோடு. சேறு, புழுதி, மழைத்தண்ணீர் எல்லாம் தெறிப்பது அதன் மேல்தான்.

மாமாவின் மாடல் ஏ-வில் நான் முதன்முதலாக அந்தப் பலகையைத் தூக்கியபோது, பேட்டரி ஆடாமல் இருக்க யாரோ பழைய அட்டைப்பெட்டியை மடித்துச் செருகியிருந்தார்கள். அட்டை ஆசிட்டைக் குடித்துக் கருகியிருந்தது. டெர்மினலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு, காய்ந்த தயிர் மாதிரி. சேசிஸுக்குப் போகும் பின்னல் பட்டையில் பாதி இழைகள்கூட மிஞ்சவில்லை. "செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, பேட்டரி போச்சு" என்று அதற்கு முன் இரண்டு பேட்டரி மாற்றியிருக்கிறார் மாமா. பேட்டரிமேல் ஒரு தப்பும் இல்லை.

ஆரம்ப காலக் கார்களில் எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்த பிறகுதான் கனமான பேட்டரியைச் சுமப்பது மற்ற கார்களுக்கும் வழக்கமானது. அன்றைய பேட்டரி ஒரு மரப்பெட்டி. உள்ளே எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன ஜாடிகள், மேலே தார் ஊற்றிய மூடி, ஒரு ஜாடியையும் அடுத்ததையும் இணைக்க ஈயப் பட்டை. தகடுகளில் பூசிய ஈயப் பசை வண்டி குலுங்கக் குலுங்க உதிரும். அதற்காகவே ஜாடியின் அடியில் மேடு கட்டி, வண்டல் தங்க இடம் விட்டிருந்தார்கள். வண்டல் ஏறித் தகடுகளைத் தொட்டால் அந்த செல் செத்தது. இன்று நாம் போடும் பேட்டரியின் பெட்டி மாறியிருக்கிறது, உள்ளே ஈயமும் ஆசிட்டும் அதேதான். குலுங்கினால் உதிரும், கசிந்தால் அரிக்கும்.

கீழே சொல்வதெல்லாம் மாடல் ஏ-வை வைத்து. அதன் பேட்டரி 6 வோல்ட், அதாவது மூன்று செல். அந்தக் காலத்து வேறு கார் வைத்திருந்தால் பேட்டரி சீட்டுக்கு அடியிலோ பின்பக்கமோ இருக்கலாம். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எடுத்து வைக்க வேண்டியவை

கண்ணாடி (கண்ணுக்கு, கட்டாயம்), ரப்பர் கையுறை, ஸ்பேனர், கம்பி பிரஷ், உப்புத்தாள், சமையல் சோடா, ஒரு வாளி தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர், வாசலின், மல்டிமீட்டர். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் நல்லது. பழைய சைக்கிள் டியூப் ஒன்றும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

படி 1: எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேட்டரியின் இரண்டு டெர்மினல்களில் சேசிஸோடு இணைந்திருப்பதை எர்த் என்பார்கள். இன்றைய கார்களில் மைனஸ்தான் எர்த். அதனால் "முதலில் மைனஸைக் கழற்று" என்பது எல்லோர் வாயிலும் வரும் பாடம். மாடல் ஏ-வில் பிளஸ்தான் எர்த். அதே கம்பெனியின் முந்தைய காரான மாடல் டி-யில் மைனஸ் எர்த்! எனவே யார் சொன்னாலும் நம்பாமல் கண்ணால் பாருங்கள்: எந்த டெர்மினலிலிருந்து தட்டையான பின்னல் பட்டை சேசிஸுக்குப் போகிறதோ அதுதான் எர்த். இன்னொன்று தடித்த கேபிளாக ஸ்டார்ட்டர் மோட்டார் மேலிருக்கும் சுவிட்சுக்குப் போகும்.

விதி இதுதான்: எர்த் எதுவோ அதை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும்.

காரணம் எளிது. மாடல் ஏ-வில் சேசிஸ் முழுவதும் பிளஸ். பழக்கத்தில் மைனஸ் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன், ஸ்பேனரின் வால் சட்டத்தில் பட்டது. பட்டாசு வெடித்தாற்போல ஒரு சத்தம், நீல வெளிச்சம். ஸ்பேனரை உதறினேன். அதன் நுனியில் ஒரு பட்டாணி அளவுக்கு இரும்பு உருகிப் போயிருந்தது, சட்டத்தில் அதன் ஜோடித் தழும்பு இன்றும் இருக்கிறது. 6 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போகிறது என்பார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். கையில் மோதிரம் இருந்து அது நடுவில் சிக்கியிருந்தால் விரல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கழற்றும் முன் இன்னொரு சோதனை. எஞ்சின் ஓடாதபோது ஹெட்லைட்டைப் போடுங்கள். டாஷ்போர்டில் உள்ள, பேட்டரிக்குக் கரன்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிளஸ் பக்கம் சாய்ந்தால் முன்பு யாரோ பேட்டரியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அல்லது அம்மீட்டர் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம்.

படி 2: வெளியே எடுத்துக் கழுவுதல்

எர்த் பட்டை, அப்புறம் கேபிள், அப்புறம் பிடிமான போல்ட்டுகள். டெர்மினல் இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், ஈயக் கம்பம் உள்ளேயே உடையும். வெந்நீர் ஊற்றினால் களிம்பு இளகும். பேட்டரியைத் தூக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. நேராகத் தூக்குங்கள், சாய்த்தால் ஆசிட் வழியும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பேட்டரி மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். நுரை நிற்கும்வரை ஊற்றித் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக்கூடாது, போனால் உள்ளே இருக்கும் ஆசிட்டின் வேலையும் கெடும். பேட்டரி உட்கார்ந்த சட்டத்தையும் சுற்றியுள்ள சேசிஸையும் இதே மாதிரி கழுவுங்கள். பேட்டரியைவிட அந்த இரும்பைக் காப்பாற்றுவதுதான் முக்கியம் என்பேன். பேட்டரி கடையில் கிடைக்கும், சேசிஸ் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி போட்ட பழைய மின்சாரக் கார் உங்களிடம் இருந்தால், அதில் இருப்பது ஆசிட் இல்லை, காரம். ஆசிட் பட்ட ஹைட்ரோமீட்டரையோ புனலையோ அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

படி 3: உட்காரும் இடத்தைத் தயார் செய்தல்

துருவைச் சுரண்டி, இரும்பு நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்சி பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். சாதாரண பெயின்ட் ஆசிட்டுக்கு நிற்காது. சட்டத்தின் மேல் கனமான ரப்பர் ஷீட்டை வெட்டிப் போடுங்கள். ஃபெல்ட், அட்டை, சாக்கு எதுவும் வேண்டாம், அவை ஆசிட்டைக் குடித்து இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கீழே வடிய வழி இருக்கட்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று சுற்றிலும் அடைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. வாயு வெளியேற இடமில்லாமல் பெட்டிக்குள் தேங்கினால் அது குண்டு வைத்த மாதிரி.

புதுப் பேட்டரி சட்டத்தைவிடச் சின்னதாக இருந்தால் இடைவெளியில் பெயின்ட் அடித்த தேக்குக் கட்டையைச் செருகுங்கள். பிடிமானத்தை எவ்வளவு இறுக்குவது? இரண்டு கையால் பிடித்து உலுக்கினால் பேட்டரி தனியாக ஆடக்கூடாது, கார்தான் ஆட வேண்டும். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் உப்பும் அளவுக்கு இறுக்கினால் அதிகம்.

இப்போது சைக்கிள் டியூப். நீளமான பிடிமான போல்ட்டுகள் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். டியூப்பை வெட்டி அவற்றுக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுங்கள். மேலே இரும்பு மூடியோ சீட் ஸ்பிரிங்கோ வரும் கார் என்றால் டெர்மினலுக்கு மேல் ரப்பர் ஷீட் ஒன்று அவசியம். பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி உள்ள பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில், கனமானவர் உட்கார்ந்து ஸ்பிரிங் அழுந்தி, டெர்மினலைத் தொட்டு சீட் பற்றிக்கொள்வது அந்தக் கார்க்காரர்களுக்குத் தெரிந்த ஆபத்து.

படி 4: தண்ணீரும் சார்ஜும்

தகடுகள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அவை மூழ்கும்வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். தகட்டுக்கு மேல் சுமார் 10 மில்லிமீட்டர் போதும். முதலிலேயே நிரப்பிவிட்டால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து, பட்ட பாடெல்லாம் வீண். ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். பேட்டரியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்.

6 வோல்ட் சார்ஜர் வேண்டும். 12 வோல்ட் சார்ஜரை "கொஞ்ச நேரம்தானே" என்று மாட்டுவது வேண்டாம். 80 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 8 ஆம்பியருக்கு மேல் போகாமல் நிதானமாக ஏற்றுங்கள். கிளிப்பை எடுக்கும் முன் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாயு நிறைந்த இடத்தில் பொறி பறக்கும். சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 6.3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்ட வேண்டும். 6.1 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் மூன்று செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் இறங்கி நின்றால் அந்த செல் பழுது.

படி 5: கேபிளும் எர்த்தும்

மாமாவின் கார் தோற்றது இங்கேதான். அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுக்கு 12 வோல்ட்டைப் போல இரண்டு மடங்கு கரன்ட் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண கார் கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகும். 50 முதல் 70 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் கேட்டு வாங்குங்கள். எர்த் பட்டை சேசிஸைத் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்க வேண்டும். டெர்மினலையும் உப்புத்தாளால் தேய்த்து, முதலில் இறுக்கி, அதன் பிறகுதான் மேலே வாசலின் பூச வேண்டும். பூசிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், இக்னிஷனை அணைத்துவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் டெர்மினலின் ஈயக் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ அடைப்பு. மாமாவின் காரில் 1.4 காட்டியது. 6 வோல்ட்டில் 1.4 வழியிலேயே போனால் ஸ்டார்ட்டர் என்ன செய்யும் பாவம்.

படி 6: ஓடும்போது கவனிக்க

மாடல் ஏ-வின் டைனமோ மூன்றாவது பிரஷ் வகை (பிரஷ் என்பது சுழலும் பகுதியைத் தொட்டு நிற்கும் கார்பன் துண்டு). பேட்டரி நிறைந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது, கொடுத்துக்கொண்டே இருக்கும். பகலில் நெடுந்தூரம் ஓட்டினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். மூன்றாவது பிரஷை நகர்த்தி சார்ஜைக் குறைத்து வைக்கலாம். அது கைவராத புதியவர்கள் நீண்ட பயணத்தில் ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டினால் போதும். பழைய ஓட்டுநர்களின் பழக்கம்தான் இது. டெர்மினல் தளர்ந்து பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் இன்னும் மோசம், டைனமோவின் வோல்ட்டேஜ் தாறுமாறாக ஏறி பல்புகள் எரிந்துபோகும்.

எஞ்சினை நிறுத்தியதும் அம்மீட்டரை ஒரு பார்வை பாருங்கள். முள் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். மைனஸ் பக்கம் ஆழமாகச் சாய்ந்து நின்றால் டைனமோ மேலுள்ள கட்-அவுட் (டைனமோ நின்றதும் பேட்டரியோடு உள்ள இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேட்டரி டைனமோ வழியாகக் காலியாகிக்கொண்டிருக்கிறது. யோசிக்காமல் எர்த்தைக் கழற்றுங்கள். இதற்காகவே எர்த் பட்டையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்துக்கொள்வது நல்லது. காரை நிறுத்திவைக்கும் நாட்களில் அதைத் திருப்பிவிட்டால் போதும். அப்படியும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும், இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் படியும் சல்பேட் இறுகிவிடும்.

பலகையைத் திரும்பப் போடும் முன் கடைசியாக ஒரு வேலை. அதன் அடிப்பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் "பிளஸ்தான் எர்த்" என்று பெரிதாக எழுதி, இன்றைய தேதியையும் போட்டுவிடுங்கள். மாமா காரில் என் கையெழுத்தில் அது இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்பேனரின் தழும்பும்.