போர்ட் ஸ்கேன் பச்சை காட்டினால் போதுமா?

வீட்டு நெட்டில் போர்ட், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வர எண் போட்ட கதவு, ஏதும் திறந்து கிடக்கிறதா என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே 192.168.1.1-ஐ, அதாவது ரவுட்டரின் உள் முகவரியை, ஸ்கேன் செய்வது. 53, 80 என்று வரிசையாக ஓப்பன் வந்ததும் பதறிவிடுவார்கள். அது ரவுட்டர் வீட்டுக்குள் காட்டுகிற முகம், வெளியே காட்டுவது வேறு. மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்து, வீட்டின் பப்ளிக் ஐபியை (வெளியுலகுக்குத் தெரிகிற முகவரியை) என்மேப் என்ற ஸ்கேன் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஷீல்ட்ஸ்அப் மாதிரி, வெளியிலிருந்து ஸ்கேன் செய்து காட்டுகிற தளம் என்றால் வீட்டிலிருந்தே போகலாம், ஆனால் விபிஎன்னை அணைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் சோதனையாவது விபிஎன் சர்வர்தான்.

அதற்கும் முன்னால் ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது நெட் கம்பெனி பக்கம் அதற்குள்ள முகவரியை, பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன, ஸ்கேனில் பதில் சொல்வது நெட் கம்பெனியின் கருவி. சரி, அப்படியானால் நிம்மதி என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனி பப்ளிக் முகவரி உண்டு, நடுவில் நிற்பது ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் மட்டுமே. அதையும் தனியாக ஸ்கேன் செய்தாக வேண்டும்.

ஷீல்ட்ஸ்அப்பின் வழக்கமான சோதனை முதல் 1,056 போர்ட்களைத்தான் தொடும், மொத்தமோ 65,535. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கேமராக் காட்சியைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டிகளில் அடிக்கடி பார்க்கிற 8000, 37777 எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே. என்மேப்பும் தானாக 1,000 போர்ட்களைத்தான் பார்க்கும், முழுசாக வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும். ‘ஸ்டெல்த்’ (பதிலே இல்லை) வராமல் ‘க்ளோஸ்டு’ (மூடியிருக்கிறது என்ற பதில்) வந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மூடியது மூடியதுதான்.

திறந்திருப்பது தெரிந்தால் யார் திறந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் சிசிடிவி மாட்ட வந்தவர் போட்ட போர்ட் ஃபார்வர்டாக (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் ஒரு கருவிக்கு அனுப்பும் ரவுட்டர் விதியாக) இருக்கும், இல்லையேல் யுபிஎன்பி (கருவிகள் தாமே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) மூலம் டிவிஆரே கேட்டு வாங்கியது. 2016-இல் மிராய் என்ற தீம்பொருள் புகுந்தது இப்படித் திறந்து கிடந்த கேமரா, டிவிஆர்களில்தான்: தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் டெல்நெட்டின் போர்ட் 23, 2323, கம்பெனி வைத்த பாஸ்வேர்டு, அவ்வளவே. யுபிஎன்பியை அணைத்த கையோடு பழைய ஃபார்வர்ட் விதிகளையும் அழியுங்கள். டிவிஆரைத் தூக்கிப் போட்ட பிறகும் 192.168.1.20-க்கு என்று எழுதிய விதி அப்படியே இருக்கும், நாளைக்கு அந்த எண் உங்கள் லேப்டாப்புக்கே வந்து சேரலாம்.