முக்கோணத்தை நம்பிக் குப்பையைப் பிரிக்காதீர்கள்

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்ததுமே "சரி, இது மறுசுழற்சி ஆகிவிடும்" என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த அந்த எண், அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிபுரோப்பிலீன். 7 என்றால் 'மற்றவை'. அதை மறுசுழற்சிக்கு வாங்க ஆள் கிடைப்பதே அபூர்வம். ஜெர்மனியில் 1991 வாக்கில் வந்த, பேக்கிங்கில் அச்சிடும் பச்சைப் புள்ளிக் குறியும் அப்படித்தான், பேக்கிங் குப்பையைச் சேகரிக்கும் அமைப்புக்குத் தயாரிப்பாளர் கட்டணம் கட்டிவிட்டார் என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை.

அடுத்தது, "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் மறுசுழற்சித் தொட்டியில் போடுவது. ஏன் கூடாது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பெட் பாட்டிலில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூடியை வெட்டிப் போட்டால் மேலே வந்து மிதக்கும். ஆலையில் இரண்டையும் பிரிப்பது இந்த வழியில்தான் (அதனால் பாட்டிலை மூடியோடு போடுவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை, தனியாகப் போட்ட மூடிதான் சல்லடையில் விழுந்து தொலைந்துபோகிறது). ஆனால் பிவிசியும் பெட்டோடு சேர்ந்து மூழ்கும். இரண்டும் கலந்து உருகும்போது பிவிசியிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பிவிடும். கொஞ்சம் கலந்தாலே போதும், தெளிவாக வரவேண்டிய பெட் மஞ்சளித்துப் பலமிழந்துவிடும்.

இப்போது யோசியுங்கள், அந்தப் பெட் பாட்டிலுக்குக் கழுத்துவரை பிவிசி லேபிளை மாட்டியது நாமா? கார்பன் பிளாக் என்ற கரிச்சாயம் சேர்த்த கறுப்புத் தட்டைப் பிரிப்பு இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிரால் அடையாளம் காண முடியாமல் போவதற்கும் வாங்கியவரா காரணம்? இதற்காகத்தான் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர் 1990-ல் ஸ்வீடனில் 'விரிவாக்கப்பட்ட தயாரிப்பாளர் பொறுப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். குப்பையின் செலவு தன் தலையில் விழுந்தால் தயாரிப்பவர் வடிவமைப்பையே மாற்றுவார் என்பது அதன் அடிப்படை.

இந்த முறையில் நிறுவனங்கள் தங்கள் பேக்கிங்கைக் கணக்குக் காட்டி அதற்குக் கட்டணம் கட்டுகின்றன. அவை சறுக்குவதும் இங்கேதான். பொருளைச் சுற்றிய கவரை எடைபோட்டுக் கணக்குக் காட்டிவிட்டு, கிடங்கில் பெட்டிகளைச் சுற்றும் ஸ்ட்ரெச் ஃபிலிமை மறந்துவிடுகிறார்கள். கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்றும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், எடையை மட்டும் பார்த்துக் கட்டணம் போடுவதே பெரிய தவறு. பல அடுக்குகள் ஒட்டிய சாஷே எடையே இல்லாதது, அதனால் மிகக் குறைவாகக் கட்டித் தப்பிவிடும். எளிதில் மறுசுழற்சி ஆகும் கனமான பாட்டில் அதைவிட அதிகம் கட்டும். பிரிக்க முடியாத பேக்கிங்குக்குக் கூடுதல் கட்டணம் போடட்டும், அந்த பிவிசி லேபிள் தானாகக் காணாமல் போகும்.