அமெரிக்கக் கவுண்டி கோர்ட்டில் விவாகரத்து ஆவணம் கேட்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்து அப்பா போன் செய்வார். "ரெண்டாவது கல்யாணத்தைப் பதிவு பண்ணணும்னா பழைய டைவர்ஸ் சர்டிபிகேட் வேணுமாம், சீக்கிரம் அனுப்பு தம்பி." அமெரிக்காவில் இருக்கும் மகன் கூகுளில் 'டைவர்ஸ் சர்டிபிகேட்' என்று தட்டி, முதலில் வந்த தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுவார். சில நாளில் ஒரு தாள் வரும். அதில் இருவர் பெயர், ஒரு தேதி, ஊர் பெயர் இருக்கும். நீதிபதி கையெழுத்தும் இருக்காது, கோர்ட் முத்திரையும் இருக்காது. ஊரில் அதை நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

நண்பர்கள் சிலருக்கு இந்தத் தாள்களை வாங்கிக் கொடுத்ததில் ஒன்று புரிந்தது. கோர்ட்டின் மெத்தனத்தால் வீணாகும் நாட்கள் கொஞ்சம்தான். தப்பான தாளை, தப்பான இடத்தில், தப்பான பெயரில் கேட்டு வீணாக்குவதுதான் அதிகம்.

எந்தத் தாள் வேண்டும் என்று கேட்காமலே கிளம்புவது

'விவாகரத்து ஆவணம்' என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று தாள்கள் இருக்கின்றன. முதலாவது மாநில சுகாதாரத் துறை தரும் சான்று. பிறப்பு, இறப்புப் பதிவேடு போல, இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தத் தேதியில் விவாகரத்து ஆனது என்று மட்டும் அது சொல்லும். இரண்டாவது டிக்ரி, அதாவது நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் இதை 'ஜட்ஜ்மென்ட்' என்பார்கள். மூன்றாவது முழு வழக்குக் கோப்பு. மனு, பதில் மனு, சம்மன் சேர்ந்ததற்கான சான்று, சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எல்லாம் அதற்குள் இருக்கும்.

மறுமணம், கிரீன் கார்டு, துணைவருக்குக் குடியேற்ற உரிமை கேட்கும் ஐ-130 மனு, இந்திய பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்குவது என்று நம்மவர்களுக்கு வரும் தேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இரண்டாவது தாள். அது பெரும்பாலும் கவுண்டியில், அதாவது நம்ம ஊர் மாவட்டம் போன்ற பகுதியின் கோர்ட்டில்தான் கிடைக்கும். மாநில அலுவலகத்துக்கு எழுதினால் முதலாவதுதான் வரும், சில மாநிலங்களில் அதுவும் அரைகுறையாக. டெக்சாஸ் சுகாதாரத் துறை 1968-க்குப் பிந்தைய விவாகரத்துகளுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் கொடுக்கும், டிக்ரியின் நகல் அதனிடம் கிடைக்காது. கலிஃபோர்னியாவில் மாநிலப் பதிவு 1962-லிருந்து 1984 ஜூன் வரைக்கும்தான். 2015-ல் சான்டா கிளாராவில் விவாகரத்து ஆனவர் மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோவுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து பயனில்லை. நியூ யார்க் மாநிலத்தில் 1963 ஜனவரியிலிருந்து சான்றிதழ் உண்டு. அதுவும் சான்றிதழ்தான், தீர்ப்பு அல்ல.

எனவே முதல் கேள்வியை கோர்ட்டிடம் கேட்காதீர்கள், தாளை வாங்கப்போகிறவரிடம் கேளுங்கள். டிக்ரி மட்டும் போதுமா? எல்லாப் பக்கமும் வேண்டுமா? அபோஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அரசு தரும் சான்று, வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு கோர்ட் பக்கம் போகலாம்.

ஊர் பெயரை வைத்து கோர்ட்டைத் தேடுவது

நாம் "டல்லாஸில் இருக்கேன்" என்போம். வீடு ஃபிரிஸ்கோவில் இருக்கும். ஃபிரிஸ்கோவோ காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் கால் வைத்திருக்கும் ஊர். ஹூஸ்டன்காரர் என்று சொல்லிக்கொள்பவர் சுகர் லேண்டில் இருந்தால் அவருடைய கவுண்டி ஃபோர்ட் பெண்ட். சிகாகோ நேப்பர்வில்லில் இருந்தவர் குக் கவுண்டியில் தேடினால் கிடைக்காது, அது டூபேஜ், வில் கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. அஞ்சல் முகவரியில் எழுதும் ஊரும் கோர்ட்டின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

திருமணம் நடந்த கவுண்டியில் கேட்பது இன்னொரு தவறு. லாஸ் வேகாஸில் கல்யாணம் முடித்துவிட்டு நியூ ஜெர்சியில் பிரிந்தவரின் கோப்பு நியூ ஜெர்சியில்தான் இருக்கும். ஏன், அன்று குடியிருந்த கவுண்டியிலேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் லிங்கன் என்றொரு சின்ன கவுண்டி உண்டு. மாநிலத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே தபாலிலேயே விவாகரத்து மனு போடலாம். சியாட்டில், ரெட்மண்ட் பக்கம் இருந்தவர் கிங் கவுண்டியில் தேடித் தேடிக் களைத்துப்போனால், "வக்கீல் எங்கே தாக்கல் செய்தார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும்.

கவுண்டி சரியாகக் கிடைத்தாலும் ஜன்னல் தப்பலாம். டெக்சாஸில் கவுண்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்று ஆவணப் பொறுப்பாளர்கள் இருவர் உண்டு. திருமண லைசென்ஸ் கொடுப்பவர் முன்னவர், விவாகரத்துக் கோப்பை வைத்திருப்பவர் பின்னவர். நியூ யார்க்கில் இன்னும் குழப்பம். அங்கே விவாகரத்தை விசாரிப்பது சுப்ரீம் கோர்ட். பெயரைக் கேட்டு டெல்லி உச்ச நீதிமன்றம் போல நினைத்துவிட வேண்டாம், அங்கே அதுதான் சாதாரண விசாரணை மன்றம். கோப்பு மட்டும் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும்.

நம் பெயரே நமக்கு எதிரி

தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கோர்ட் அட்டவணை கடைசிப் பெயர், முதல் பெயர் என்ற வரிசையில் ஓடும். நமக்கோ கடைசிப் பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. முத்துசாமி மகன் செந்தில்குமார், ஊரில் மு. செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால் கோர்ட்டில் அவர் 'முத்துசாமி, செந்தில்குமார்'. வக்கீல் ஆபீஸில் மாற்றி அடித்திருந்தால் 'செந்தில்குமார், முத்துசாமி'. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து, விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டிருந்தால், அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று, கோர்ட்டிலும் அவர் அப்படியே பதிவாகியிருக்கலாம்.

ஒரு நண்பருக்காக நான் தேடியபோது நான்கு விதமாக அடித்தும் வரவில்லை. கடைசியில் மனைவியாக இருந்தவரின் திருமணத்துக்கு முந்தைய பெயரைப் போட்டதும் முதல் வரியிலேயே வந்து நின்றது. மனுப் போட்டவர் அவர், பழைய பெயரிலேயே போட்டிருக்கிறார். வழக்கில் இரண்டு பேர் உண்டு, தேடும்போது இரண்டு பேரையும் தேட வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். லட்சுமிக்கு நடுவில் 'கே.எஸ்.எச்.' போடுவார்கள், 'எக்ஸ்' போடுவார்கள். கார்த்திக்கின் 'தி'க்கு 'எச்' இருக்கும், இல்லாமலும் போகும். தளம் அனுமதித்தால் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் அடித்து, ஆண்டைச் சொல்லித் தேடுவது நல்ல வழி. எல்லாவற்றையும்விட நல்லது கேஸ் நம்பர். பழைய வக்கீல் மின்னஞ்சலைத் தோண்டினால் எங்காவது கிடைத்துவிடும். அது இருந்தால் மேலே சொன்ன எந்தக் கூத்தும் தேவையில்லை.

இணையத்தில் இல்லை, அதனால் ஆவணமே இல்லை என்று முடிவுகட்டுவது

கலிஃபோர்னியாவில் குடும்ப வழக்கின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து இணையத்தில் திறந்து பார்க்க நீதிமன்ற விதியே இடம் தருவதில்லை. வழக்கின் பெயர், எண், நடவடிக்கைப் பட்டியல் போன்றவை தெரியலாம். ஆவணத்தைப் பார்க்க வேண்டுமானால் பொதுவாகக் கோர்ட்டிலுள்ள கணினிக்குப் போக வேண்டும், அல்லது நகல் கேட்டு எழுத வேண்டும். நியூ யார்க்கில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். விவாகரத்துக் கோப்பு 100 ஆண்டுகளுக்கு வெளியாருக்கு மூடப்பட்டிருக்கும். கணவன், மனைவி, அவர்களின் வக்கீல், இவர்களைத் தவிர மற்றவர்களுக்கு கோர்ட் உத்தரவு வேண்டும். உங்களுக்காக நண்பரை அனுப்புவதாக இருந்தால், நோட்டரி முன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சிலர் 'பேசர்' என்ற மத்திய நீதிமன்றத் தளத்தில் கணக்குத் திறந்து தேடுகிறார்கள். விவாகரத்து மாநில நீதிமன்றத்தின் வேலை. அங்கே திவால் வழக்கு கிடைக்கும், விவாகரத்து கிடைக்காது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. தேடினால் வழக்கு வரும், தீர்ப்பு இருக்காது. மனுத் தாக்கல் ஆனதையே விவாகரத்து ஆனதாக நினைத்து ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். யாரும் தொடர்ந்து நடத்தாததால் வழக்கு தள்ளுபடியாகி, சட்டப்படி திருமணம் அப்படியே நீடித்துக்கொண்டிருக்கும். நடவடிக்கைப் பட்டியலில் கடைசி வரியைப் படியுங்கள். தீர்ப்பு என்று இருக்கிறதா, தள்ளுபடி என்று இருக்கிறதா?

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு மனு சேர்ந்து ஆறு மாதம் முடியாமல் திருமணம் முறியாது. தீர்ப்பு அதற்கு முன்பே பதிவாகியிருக்கலாம். எஃப்.எல்-180 என்ற தீர்ப்புப் படிவத்தில் திருமண நிலை முடியும் தேதி தனியாக இருக்கும், விண்ணப்பங்களில் எழுத வேண்டியது அந்தத் தேதியை. டெக்சாஸில் டிக்ரி ஆன பிறகும், கோர்ட் விலக்களித்தால் ஒழிய, 30 நாள் கழிந்துதான் வேறொருவரை மணக்கலாம்.

வக்கீல் அனுப்பிய பி.டி.எஃப். போதும் என்று நினைப்பது

போதாது. அது நீதிபதி கையெழுத்திடாத வரைவாகக்கூட இருக்கலாம். கிளார்க்கின் தாக்கல் முத்திரையும் நீதிபதியின் கையெழுத்தும் உள்ள டிக்ரியின் சான்றிட்ட நகலைத்தான் கேட்க வேண்டும். நம் ஊர் குடும்ப நல நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்குவோமே, அதே மாதிரிதான். விண்ணப்பத்தில் வெறுமனே 'காப்பி' என்று எழுதினால் சாதாரண நகல்தான் வரும். 'சர்டிஃபைடு' என்ற சொல்லை எழுதுங்கள்.

தபாலில் கேட்பவர்களுக்கு: இருவரின் முழுப் பெயர், கேஸ் நம்பர், தீர்ப்பு ஆண்டு, எந்த ஆவணம், எத்தனை நகல், இவை எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்புக்குச் சான்றிட 15 டாலர், சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். எத்தனை பக்கம் என்று தெரியாதபோது செக்கில் தொகையை நிரப்பாமல், 'இத்தனை டாலருக்கு மிகாமல்' என்று குறிப்பு எழுதி அனுப்பும் வழக்கத்தைப் பல கோர்ட்கள் ஏற்கின்றன. சுயமுகவரியிட்ட உறையில் அமெரிக்கத் தபால்தலை இருக்க வேண்டும். சென்னையிலிருந்து இந்தியத் தபால்தலை ஒட்டிய உறையை வைத்து அனுப்பினால் அது அங்கேயே கிடக்கும். அங்கே இருக்கும் நண்பர் வழியாகக் கேட்பது சுலபம்.

பழைய வழக்கு என்றால் கோப்பு வெளிக் கிடங்கிலோ மைக்ரோஃபிலிமிலோ இருக்கலாம். பயணத் தேதியை நெருக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோவதென்றால்

அபோஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவில் 2005-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. டிக்ரி எந்த மாநிலக் கோர்ட் தந்ததோ அந்த மாநிலத்தின் அலுவலகம்தான், பெரும்பாலான மாநிலங்களில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், அபோஸ்டில் தர முடியும். இப்போது குடியிருக்கும் மாநிலத்தில் போய் நின்று பயனில்லை. சாதாரண நகலுக்கு நோட்டரி கையெழுத்து வாங்கி அதன்மேல் அபோஸ்டில் வாங்கித் தரும் ஏஜென்ட்கள் உண்டு. அது நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் சாட்சி, டிக்ரிக்கு அல்ல.

அபோஸ்டில் இருந்தால் டிக்ரி இந்தியாவில் செல்லுபடியாகும் என்று நினைப்பதும் தவறு. 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. திருப்பதியில் நடந்த திருமணம், மிசௌரியின் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் கணவர் வாங்கிய விவாகரத்து, பிறகு அவர் செய்த மறுமணம், அதன்மேல் மனைவி போட்ட குற்ற வழக்கு. டிக்ரி நகலில் அந்தக் கோர்ட் கிளார்க்கின் சான்று இருந்தது, இந்திய அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லை. அந்த நகல் சாட்சியத்தில் நிற்காது என்றது நீதிமன்றம். அது ஒரு பக்கம். எந்தச் சட்டத்தின் கீழ் திருமணமோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காகவும், அந்தச் சட்டப்படி அதிகாரம் உள்ள மன்றத்திலும் விவாகரத்து நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. இதற்கு விலக்கும் உண்டு, எதிர்த்தரப்பு தானாக முன்வந்து சம்மதித்திருப்பது அதில் ஒன்று.

அதனால்தான், இந்து திருமணச் சட்டப்படி ஊரில் மணந்தவர்களிடம் டிக்ரியோடு நிற்காதீர்கள் என்கிறேன். கோப்பிலிருந்து மனு, சம்மன் சேர்ந்த சான்று, எதிர்த்தரப்பின் பதில் அல்லது சம்மதப் பத்திரம், இவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். பின்னாளில் யாராவது கேள்வி எழுப்பினால், அவரும் சம்மதித்தார் என்று காட்டப்போவது அந்தப் பக்கங்கள்தான். டிக்ரியில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நிலைமை சிக்கலாக இருந்தால் ஊரில் ஒரு குடும்ப நல வக்கீலிடம் கோப்பைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், நகல் கைக்கு வந்ததும் ஸ்கேன் செய்வதற்காக ஸ்டேபிள் பின்னைக் கழற்றாதீர்கள். என் நண்பர் ஒருவர் கழற்றினார், பக்கங்களை அழகாக ஸ்கேன் செய்தார், அதே ஓட்டையில் திரும்பக் குத்த முடியவில்லை. மூலையில் நான்கு ஓட்டையோடு நின்ற டிக்ரியை வாங்கிய அதிகாரி, நடுவில் பக்கம் மாற்றியிருக்கிறாயா என்று கேட்டார். மறுபடி கடிதம், மறுபடி செக், மறுபடி ஐந்து வாரம். இந்த முறை நண்பர் இரண்டு நகல் கேட்டிருந்தார்.