பிள்ளையின் போன் லாக்கை எடுக்க என் கடைக்கு வராதீர்கள்

பாளையங்கோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து பேராவது பிள்ளையின் போனோடு வந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, இந்த லாக்கை மட்டும் எடுத்துக் குடுங்க, அவனுக்குத் தெரியக்கூடாது." நான் எடுத்துத் தருவதில்லை. பெரிய நியாயஸ்தன் என்றில்லை, என் மகளிடமே அந்த வேலையைப் பார்த்து மூக்குடைபட்டவன்.

அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, தூங்குகிறவளின் விரலை வைத்து போனைத் திறந்து இன்ஸ்டாகிராமைப் பார்த்தேன். கோலம், பூனை, ஆண்டு விழா. நிம்மதியாகப் படுத்தேன். நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது சொந்தக்காரர்களுக்குக் காட்ட வைத்திருந்த கணக்கு. கீழே ஓரத்திலிருக்கும் புரொஃபைல் படத்தை அழுத்திப் பிடித்தால் அதே போனிலுள்ள மற்ற கணக்குகளும் வரும். போன் கடைக்காரனுக்கே அது தோன்றவில்லை.

அதனால் ஒளிந்து பார்க்காதீர்கள், சேர்ந்து உட்காருங்கள். திட்டிய நாளில் வேண்டாம், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு சரியாக இருக்கும். முதலில் உங்கள் போனை எடுங்கள். பிள்ளையின் மார்க் ஷீட்டை ரோல் நம்பரோடு ஸ்டேட்டஸில் போட்டது நாம்தானே? அதை அழித்துவிட்டு அவர்கள் போனுக்குப் போங்கள்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிறந்த வருடம். இன்ஸ்டாகிராமுக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும். முன்னாடியே உள்ளே போக ஆசைப்பட்டு 1998, 2000 என்று வாய்க்கு வந்த வருடத்தைப் போட்டிருப்பார்கள். என் மகள் கணக்குப்படி அவளுக்கு என் தம்பி வயது! இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தியாவில் 2025 முதல் பதின்வயதுக் கணக்குக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் சத்தமில்லை. 16 வயதுக்குக் கீழே என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பொய் வயது போட்ட பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்காமல் போகலாம். சரியான வருடத்தை அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமிலேயே பெற்றோருக்கென்று இருக்கும் சூப்பர்விஷன் வசதியையும் போட்டுக்கொண்டால், கடைசி ஏழு நாளில் யாரோடு பேசினார்கள் என்று தெரியும். என்ன பேசினார்கள் என்று தெரியாது. எனக்கு அது போதும்.

அடுத்து ஃபாலோயர் பட்டியல். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். "இவன் யாருட்டி?" "நிஷா கிளாஸ்ப்பா." "இது?" ஏதோ நடிகர் படம் வைத்த கணக்கு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியாதுப்பா, டான்ஸ் நல்லாருக்குன்னு சொன்னாங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே நீக்கினாள். நீக்கியது எதிராளிக்கு நோட்டிஃபிகேஷனாகப் போகாது என்று சொன்ன பிறகு, இன்னும் முப்பது பேரை அவளாகவே எடுத்தாள்.

ஸ்னாப்சாட் இருந்தால் மேப்பில் கோஸ்ட் மோடு போடுங்கள், இருக்குமிடம் தெரியாது. சார்ஜர் ஹாலில்தான், என்னுடையதும் சேர்த்து.

எழுந்திருக்கும் முன் ஒரு வாக்குக் கொடுங்கள்: "எவனாவது மிரட்டினா எங்கிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்." போன் போய்விடும் என்ற பயத்திலேயே பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அப்படி நடந்தால் பணம் அனுப்பக் கூடாது, சாட்டை அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட், அந்தக் கணக்கின் பெயர் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான 1098-ம் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் தனியாக வந்து, "அண்ணே, எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் அடிச்சுக் குடுங்க" என்றான். கை நடுங்கியது. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, அவனையே அம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். ரீசெட் அடித்திருந்தால் மிரட்டியவனுக்கு எதிராக அந்த போனில் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.